பக்கம் நாற்பத்தொன்று

டென்மார்க்கிலிருந்து வந்த கையேட்டில்
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
மழை நின்றபாடில்லை.
மெல்லிய நீலச் சாய்கோடுகளாய்
குடை பிடித்த ஒரு பெண்மேல் பெய்கிறது,
அவள் காலடி நாணல்மேல் பெய்கிறது.
நாணலுக்கு அடியில் மணல், அதற்கடியில் சரளை,
அதற்கும் அடியில் துளையிட்ட குழாய்
மிச்சத்தைக் கடலுக்கு எடுத்துப் போகிறது.

எர்மோசியோ மாநகராட்சியின் இரண்டாம் மாடியில்
ஒதிலியா அந்தப் பக்கத்தை விரித்தபோது
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ஏசி சொட்டுவதற்கு வைத்த வாளிதான்
அந்தக் கட்டிடத்தின் நீர்நிலை.

'ஆண்டு முழுவதும் சீராகப் பெய்யும் மழைக்கு'
என்று தொடங்கியது குறிப்பு.
மழையைப் பற்றி இப்படியும் ஒரு வாக்கியம் எழுதலாமா
என்று இரண்டு முறை படித்தாள்.
இங்கே அது ஜூலையில் வரும்,
கடன் கொடுத்தவன் மாதிரி, கதவை உடைத்துக்கொண்டு.
நாற்பது நிமிடம்.
பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.

குடையை விட்டுவைத்தாள். வெயிலுக்கு ஆகும்.
நாணலை அழித்தாள்.
அந்த இடத்தில் மெஸ்கீட்.
நம் கண்மாய்களில் புகுந்துவிட்டதென்று
பொக்லைன் வைத்துப் பிடுங்குகிறோமே சீமைக்கருவேலம்,
அதன் பங்காளி.
அந்தச் சீமை இதுதான்.
இங்கே அதற்குச் சொந்தப் பெயர் உண்டு,
பூவுக்குத் தேனீயும் காய்க்கு ஆளும் உண்டு.
அன்று மரத்தை நமக்கு அனுப்பியவர்கள்
கூடவே கையேடு எதுவும் அனுப்பவில்லை.

குழியில் தொடங்கியது தகராறு.
எண்பது சென்டிமீட்டர் என்றது டென்மார்க்.
முப்பதிலேயே பொறி பறக்கத் திரும்பி வந்தது கடப்பாரை:
கலிச்சே.
மண் தன்னைத்தானே சிமெண்டாக்கிக்கொண்ட அடுக்கு.
ஆறு வாளி ஊற்றிப் பார்த்தார்கள்.
மறுநாளும் அப்படியே கிடந்தது.
மூன்றாம் நாள் கொசுப்புழு.
நான்காம் நாள் சுகாதாரத் துறையின் கடிதம்,
டெங்கு என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.

ப்ரேபென் என்பவர் மின்னஞ்சலில் கேட்டார்:
உபரி நீர் எந்தக் குழாயில் சேருகிறது?
தெருவில், என்று எழுதினாள்.
தெருவுக்கு அடியிலா?
இல்லை. தெருவேதான் குழாய்.
இரண்டு நாள் அவரிடமிருந்து பதில் இல்லை.

வரைபடத்தில் தண்ணீர் நுழையும் வாய்,
நடைபாதைக் கல்லில் நாற்பது சென்டிமீட்டர் வெட்டு,
சரியாகக் காசிமிரோவின் ஹாட்டாக் வண்டிமேல் விழுந்தது.
நகர்த்தச் சொல்லப் போனவளுக்கு
அவர் சக்கரத்தைக் காட்டினார்:
ஆரக்கால் பாதிவரை துரு, அதற்குமேல் பெயிண்ட்.
"இந்தப் பக்கம் இவ்வளவுதான் சென்யோரா.
மருந்துக்கடை முக்குல திரும்பி
எதிர்ப்பக்கமாத்தான் ஓடும். அங்க என் இடுப்பளவு.
பத்தொம்பது வருஷமா நான் ஏன் இங்கயே நிக்கிறேன்னு நெனச்சீங்க?"

வெங்காயம் வதங்கும் வாசனைக்குள் நின்றபடி
வெட்டைத் தெருவுக்கு அந்தப் பக்கம்,
பதினொரு மீட்டர் தள்ளிக் குறித்தாள்.
மரத்துக்கு மட்டும் ஒரு கோரிக்கை வைத்தார்:
நாலு மணி நிழல்
வரிசையில் நிற்கிறவர்கள்மேல் விழ வேண்டும்.

கலிச்சேயைக் கம்ப்ரஸர் வைத்து உடைத்தார்கள்.
குழாய் கைவிடப்பட்டது.
கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்,
யாருக்காக எடுத்துப் போவது?

ஜூலை பதினேழு மாலை
வந்தது.
தெரு பழுப்பாய் எழுந்து
புதிய வெட்டின் வாசலைத் தாண்டி
கண்டுகொள்ளாமல் போனது.
ஒரு பிளாஸ்டிக் பை,
கடுகும் தக்காளியும் பூசிய காகிதக் கைக்குட்டைகள்
வாயை அடைத்திருந்தன.
மருந்துக்கடைப் படியில் நின்றிருந்த ஒதிலியா
கையேட்டில் இதற்குப் பக்கம் தேடும் முகத்தோடு பார்த்தாள்.
காசிமிரோ தெருவைக் கடந்து வந்தார்,
தொடைவரை நனைந்து,
வலது காலால் ஓர் உதை.

தண்ணீர் தலையைத் திருப்பியது.
மடக் மடக்கென்று குடித்தது குழி.

ஆகஸ்டில் திருத்திய பக்கத்தை அனுப்பினாள்.
ஆழம், மரம், குழாய் இல்லாதது,
எல்லாவற்றையும் ப்ரேபென் ஏற்றுக்கொண்டார்.
ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை:
நுழைவாய்க்குப் பக்கத்தில்
அளவு பிசகாமல் வரைந்திருக்கும்
இந்தக் கால் எதற்கு?

பராமரிப்பு, என்று எழுதினாள்.
செருப்பு அளவு இருபத்தெட்டு.